அடியில் காய்ந்த டயப்பர்

ஜன்னல் வெயில் கட்டிலில் விழுகிறது. ஈரம் அப்பாவின் முதுகுவரை ஏறியிருக்கிறது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டுப் பட்டைகளைப் பிரிக்கிறாள். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டயப்பர்கள். மேலே உள்ளது உப்பிக் கிழிந்து கொழகொழவென்று பிதுங்குகிறது. அடியில் உள்ளதன் நடுப்பகுதியோ பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது போலக் காய்ந்து கிடக்கிறது. "ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு தாங்கும்னு எந்த மடையன்டா சொன்னான்? மேல உள்ளதுக்கு அடியில பிளாஸ்டிக் இருக்கே, அதைத் தாண்டி எப்படிடா கீழ இறங்கும்? பக்கவாட்டுலதான் வழியும்!" அறை வாசலில் நிற்கும் தம்பி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் முனகுகிறான். "அடிக்கடி மாத்த வேணாமேன்னுதான்..." "உனக்கு வேணாம்! அவர் தோலு வெந்து கெடக்கு, வந்து பாரு!" அவன் வருகிற வழியைக் காணோம். அப்பா இருவரையும் பார்க்கவில்லை. கட்டிலோரம் தனக்காக வைத்திருக்கும் தண்ணீர் டம்ளரை, ஒரு வாய்கூடக் குடிக்காமல், விரல் எட்டுகிற மட்டும் தள்ளித் தள்ளி வைக்கிறார்.