கொசுறு

கைப்பேசியில் மட்டுமே புழங்கிய புதுப் பணத்தின் மிகச் சிறிய காசுக்கு, அந்தந்த ஊர்ச் சந்தையே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். கோவில்பட்டிச் சந்தையில் செண்பகவல்லி சொன்ன பெயர்தான் வென்றது: கொசுறு. காய்க்கடைக்காரிக்கு வேறென்ன தோன்றும்?

வம்பு மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தது.

"கத்தரிக்கா முப்பது ரூவா நாப்பது கொசுறு" என்றாள் செண்பகவல்லி.

வாத்தியார் மனைவி முப்பது ரூபாயை மட்டும் அனுப்பிவிட்டுப் பையைத் தூக்கினாள். "கொசுறுக்குப் போய் யாராச்சும் துட்டு கேப்பாங்களாக்கா?"

பின்னால் வந்தவர்களும் அதையே சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். வாரக் கடைசிக்குள் அவளுடைய லாபமெல்லாம் கொசுறாகவே கரைந்துவிட்டது.

"பேர மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க மதினி. விட்டா கடையவே கொசுறாக் கேப்பாங்க" என்றான் பக்கத்துத் தேங்காய்க்கடை இசக்கிமுத்து. அவளும் சரியென்று தலையாட்டினாள்.

அந்த நேரம் பார்த்து கோமதிநாயகம் வந்தார். பேரம் பேசிப் பேசியே கடைக்காரர்களை அழவைக்கிற மனிதர். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு கைப்பேசியைத் தட்டினார். கடையிலிருந்த பெட்டி உரக்கச் சொன்னது: "இருபது ரூபாய் எண்பது கொசுறு வரவு."

"இருவது ரூவா முப்பது கொசுறுதான அண்ணாச்சி சொன்னேன்?"

"அது காய்க்கு. மிச்சம் அம்பதும் ஒனக்குக் கொசுறு. எப்பவும் நாங்களேதான் வாங்கணுமா?"

செண்பகவல்லி திகைத்துப்போனாள். வாழ்நாளெல்லாம் அள்ளிக் கொடுத்தவளுக்கு, கொசுறு வாங்கும்போது என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிறகு சட்டென்று பிடிபட்டது.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க அண்ணாச்சி" என்றாள்.