அந்த ஒரு விலாசம்

"ஏம்மா, கண்ணை எங்கே வச்சுக்கிட்டு வேலை பார்க்கிறே?"

மேலதிகாரி போட்ட சத்தத்தில் கூடத்தில் இருபது பேரின் விரல்களும் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

எறும்பு எழுந்து நின்றாள். தலை நிமிராமல் வேலை பார்ப்பவளுக்கு அலுவலகம் வைத்த பேர் அது.

"அஞ்சு இலாகாப் பட்டியலையும் ஒண்ணாச் சேர்க்கச் சொன்னா, ஒரு பொம்பளையோட விலாசத்தை மட்டும் மாத்தி வச்சிருக்கே. தூங்கிட்டியா?"

"இல்லை சார். தெரிஞ்சுதான் மாத்தினேன்."

பக்கத்து மேஜைக்காரருக்குப் புரை ஏறியது.

"என்னது! அரசாங்கப் பதிவுல பொய்யா? வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்." வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். "ஆஸ்பத்திரிப் பட்டியலைப் பார்த்தேன். அந்தம்மாவுக்கு ரெண்டு வருஷத்துல மூணு தடவை கை உடைஞ்சிருக்கு. புருஷன் அடிச்சதுன்னு டாக்டரே எழுதியிருக்கார். குழந்தையைத் தூக்கிக்கிட்டுத் தப்பிச்சுப் போயிருக்காங்க. புது விலாசம் பள்ளிக்கூடப் பட்டியல்ல மட்டும்தான் இருந்தது. சேர்த்துட்டா அஞ்சு இலாகாவுலயும் யார் வேணாலும் பார்க்கலாம். அந்தப் பதிவைப் பூட்டச் சொல்லி உங்களுக்கு ரெண்டு தடவை எழுதினேன். பதிலே வரலை."

"அதுக்காக நீயே கை வைப்பியா? போன மாசம் பயிற்சியில தொண்டை கிழியச் சொன்னேனே! ஜனங்க நம்மை நம்பிக் குடுத்த தகவல், பெத்த பிள்ளை மாதிரிக் காப்பாத்தணும்னு!"

"அதைத்தான் சார் செஞ்சேன்."

"வாய் வேற!" மெமோவை மேஜையில் அறைந்தார். "போடு கையெழுத்தை."

போட்டாள். பேனாவை மூடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தம்மா புகார் கொடுக்கவில்லை. கடிதம் எதுவும் திரும்பி வரவில்லை. மெமோவிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"சார்... அந்த விலாசத்துல அவங்க இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? அவ புருஷன் என்கூடப் படிச்சவன். பெண்டாட்டியை எப்படியாவது கூட்டிட்டு வரணும்னு வந்து அழுதான், பாவம், பதிவுல இருந்த விலாசத்தை எடுத்துக் குடுத்தேன். போனவன் ஏதோ கோபத்துல கதவை உதைச்சா, திறந்தது மகளிர் போலீஸ் இன்ஸ்பெக்டர்! அது அவங்க வீடாம்! அப்போ அவங்களேதான் உனக்கு அந்த விலாசத்தைக் குடுத்தாங்களா? இப்ப அவன் லாக்கப்புல உட்கார்ந்திருக்கான். இதுக்கு யாரு பதில் சொல்றது?"