வெளியில் இருப்பது மட்டும்

“வெளியில இருக்கிறது அத்தனையும் எடுத்துக்கறேன். மொத்தமா எவ்வளவு ஆகும்?”

பிளாஸ்டிக் கடைக்காரரின் காதில் தேன் வந்து பாய்ந்தது. காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். இந்த மாதமும் வியாபாரம் படுத்தால் கடையை மூடிவிட்டு மைத்துனனிடம் கைகட்டி வேலைக்கு நிற்க வேண்டியதுதான்.

வாளி, டிரம், நாற்காலி அடுக்கு, ஏணி என்று நடைபாதை முழுக்க அடைத்து, சாலையின் விளிம்புவரை பரப்பி வைத்திருந்தார். கேட்டவரோ கசங்கிய சட்டையும் நாலு நாள் தாடியுமாக நின்றார்.

“உள்ள வாங்க சார், இதைவிட உசத்தியான சரக்கு இருக்கு. இதெல்லாம் வெயில்ல வெளுத்தது.”

“வேண்டாம். வெளியில இருக்கிறது மட்டும் போதும்.”

பிழைக்கத் தெரியாத மனுஷன் போலிருக்கிறது! கடைக்காரர் அவசரமாகக் கணக்குப் போட ஆரம்பித்தார். வந்த லட்சுமி மனம் மாறி எதிர்க்கடைக்குப் போய்விடக் கூடாதே என்ற பயம்.

“ஹாஸ்டலுக்கா சார்? இல்ல, சொந்தமா கடை போடறீங்களா?”

அதற்குள் காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண், டிரம்மைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கினாள்.

“மனுஷங்க நடக்கக் கொஞ்சம் இடம் விடக் கூடாதா?”

“அதான் அவ்வளவு பெரிய ரோடு கிடக்கேம்மா, தாராளமா நடங்க!” என்று சிரித்தார் கடைக்காரர்.

பின்னால் வந்த பஸ் அலறியது. அந்தப் பெண் பதறிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கேட்டவருக்கு முகமெல்லாம் வெளிறிவிட்டது. அவள் மறுபடி நடைபாதையில் ஏறும்வரை அவர் மூச்சே விடவில்லை.

“பஸ்காரங்க கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுறாங்க சார். போன மாசம்கூட இங்க ஒரு பொண்ணு...” வியாபார நேரத்தில் சாவுப் பேச்சு எதற்கு என்று நாக்கைக் கடித்துக்கொண்டார் கடைக்காரர். “விடுங்க, நமக்கெதுக்கு அது.”

வந்தவர் பேரம் பேசவில்லை. சொன்ன தொகையை அப்படியே நீட்டினார்.

“இப்பவே வண்டியில ஏத்திடறேன். வீடு எங்க சார்?”

“வீட்டுக்கு வேண்டாம். எல்லாத்தையும் உங்க கடைக்குள்ளயே வச்சுக்கங்க. மறுபடி வெளியில மட்டும் எதையும் வைக்காதீங்க. அதுக்குத்தான் பணம்.”

“என்ன சார், விளையாடறீங்களா? காசைக் குடுத்துட்டு சரக்கு வேண்டாங்கறீங்க?”

அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அவர் வந்திருந்தார். முடியவில்லை.

“பெரியவளுக்கு இங்க நடக்க இடமில்லாமப் போச்சு. சின்னவ நாளையிலிருந்து இந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போகணும்.”