பளபளப்பு குறையாத போல்ட்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை உதிரட்டும்.

கடலுக்கடியில் எண்ணெய்க் குழாயின் மூடியை இறுக்கிப் பிடித்திருந்தது துருப்பிடிக்காத போல்ட் ஒன்று. அதைக் காப்பதற்காகவே பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி, உப்புத் தண்ணீரின் அரிப்பையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு கரைந்துகொண்டிருந்தது.

“இன்னுமா கரையறே? பார்க்கவே அசிங்கம். என் மேல ஒரு புள்ளி துரு உண்டா?” என்றது போல்ட்.

“இல்லைண்ணே. ஆனா நான் கரையறப்போ உங்க மேல ஹைட்ரஜன் பொடிசுங்க பிறக்குதுங்க. உள்ளே நுழையுதுங்க, பார்த்துக்குங்க.”

“உப்புத் தண்ணியையே வாசல்ல நிறுத்தினவன் நான். அதுங்க என்ன பண்ணிடும்? வந்துட்டுப் போகட்டும்.”

பொடிசுகள் வந்தன, போகத்தான் இல்லை. உலோகத்தின் இடுக்குகளில் நெளிந்து நகர்ந்து, போல்ட்டில் மிகவும் இழுபட்டிருந்த கழுத்துக்குள் கூடி உட்கார்ந்து, அதை உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்தன. போல்ட்டோ தினமும் மேல்தோலை மட்டும் பார்த்துப் பூரித்தது.

ஒரு நாள் ‘டிக்’கென்று ஒரு சத்தம். மூடி வாய் பிளந்தது. போல்ட்டின் தலை மட்டும் தனியாக மணலில் கிடந்தது.

“துரு ஏதாவது தெரியுதா, பாரு” என்றது தலை.

“சேச்சே, பளபளன்னு இருக்கீங்கண்ணே” என்றது கட்டி, மிச்சமிருந்த துண்டு வாயால்.

யார் சொன்னதென்று மட்டும் வெளியே விடாதீர்கள். மற்ற போல்ட்டுகள் இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கின்றன.