ஆமை கோச் ஜெயித்த கோப்பை

தாமரைக்குளத்துத் தவளைகளுக்கு ஹாக்கி என்றால் உயிர். ஆட்டத்தைப் பார்ப்பதைவிடக் கத்துவதில்தான் அவற்றுக்கு ருசி அதிகம். குளத்துத் தவளை அணிக்குக் கோச்சாக இருந்த ஆமை ஒருநாள், "எதிராளி நம்ம கோலைக் குறிவெச்சு அடிக்கிற பெனால்டி கார்னர் நேரத்துல மட்டும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா. பந்து வர்ற சத்தம் நம்ம கோலிக்குக் கேட்கணும்" என்று கெஞ்சியது.

"எங்க வாயை மூடச் சொல்ல நீ யாரு?" என்று முதலில் எகிறியது பச்சைமுத்து என்ற தவளை. அடுத்த தோல்வியோடு தவளைகள் ஆமையை வேலையை விட்டுத் தூக்கிவிட்டன.

இரண்டே மழைக்காலம். ஆமை பழக்கிய ஏரி நண்டுகள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டன. "இங்க இருந்தப்ப கிழிக்காததை அங்க போய்க் கிழிக்குதாமா?" என்று வயிறெரிந்தபடியே பச்சைமுத்து பார்க்கப் போனது.

கடைசி நிமிடத்தில், ஒரு கோல் முன்னிலையில் இருந்த நண்டுகளுக்கு எதிராகப் பெனால்டி கார்னர். கரையெல்லாம் நண்டுக் கூட்டம், ஆனால் ஒரு சத்தம் இல்லை. பந்து புல்லில் உரசி வருவது பச்சைமுத்துவுக்கே கேட்டது. நண்டு கோலி பாய்ந்து தடுத்தது. கோப்பை நண்டுகளுக்கு.

பச்சைமுத்து நைசாக நழுவப் பார்த்தது. கோப்பையை முதுகில் சுமந்துகொண்டு ஆமை எதிரே வந்துவிட்டது. குத்திக்காட்டத்தான் போகிறது என்று தவளை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"வாப்பா பச்சைமுத்து. நம்ம கோலிக்கு முட்டி வலி இப்ப தேவலையா?" என்றது ஆமை.

குளத்துத் தவளைக் கோலியை இன்னமும் நம்ம கோலி என்றுதான் சொன்னது. பதில் சொல்ல வாயைத் திறந்தது பச்சைமுத்து. பிறந்ததிலிருந்து கத்தியே பழகிய தொண்டையில் அன்று சத்தமே வரவில்லை.