கரடியின் பயம்

கரடிக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போதவில்லை, காலில் புண் ஆறவில்லை. "இன்சுலின் போட்டே ஆகணும்" என்று டாக்டர் நாரை இரண்டு முறை சொல்லியும் கரடி எழுந்து போய்விட்டது.

மூன்றாம் முறை நாரை கேட்டது: "உங்களுக்கு என்ன பயம்?"

"ஊசி ஆரம்பிச்ச மாசமே எங்க அண்ணன் காலை எடுத்துட்டாங்க."

"புண் முத்தின பிறகுதான் அவர் வந்தார். காலைக் கெடுத்தது சர்க்கரைதான். ஆனா ஊசியால சில நேரம் மயக்கம் வரலாம்."

"நான் மரம் ஏறுறவன். உச்சியில மயக்கம் வந்தா?"

நாரை யோசித்தது. "தினம் ஒண்ணு, குறைஞ்ச அளவுல தொடங்கலாமா? ஏறுறதுக்கு முன்னால சர்க்கரை பார்த்துக்குங்க. ஒத்துக்கலைன்னா மாத்துவோம்."

கரடி நாற்காலியை நாரையின் பக்கமாக இழுத்துப் போட்டது. "எங்க குத்தணும்னு காட்டுங்க. நானே போட்டுக்கிறேன்."