பாதியான பார்சல் கூலி

இணைய ஏலத்தில் பழைய தகரப் பொம்மைக் கார் தன் பெயருக்கு விழுந்ததும், ஓய்வுபெற்ற என்ஜினியர் வீடே அதிரும்படி குதித்தார். வெளிநாட்டு வியாபாரி கேட்ட பார்சல் கூலியைப் பார்த்ததும் அதே வேகத்தில் நாற்காலியில் விழுந்தார்.

“கார் விலையைவிட மூணு மடங்கு! காரை அனுப்புறானா, கப்பலையே அனுப்புறானா?”

“கத்தாதீங்க. பார்சலைச் சின்னதாக்கச் சொல்லிப் பாருங்க,” என்றாள் மனைவி.

எழுதினார், கெஞ்சினார், சண்டையும் போட்டார். அவர் கலந்துகொள்ளவிருந்த பொம்மைக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவழியாக, “சரி, பாதிக் கூலி போதும்” என்று பதில் வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வாசலிலேயே பழியாய்க் கிடந்தார்.

பார்சல் கையடக்கமாக வந்தது. பிரித்தவர் உள்ளே இருந்த வியாபாரியின் சீட்டைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏங்க, கார் உடைஞ்சிருக்கா?”

“ஒரு கீறல்கூட இல்லை.”

“அப்புறம் எதுக்கு இந்த ஒப்பாரி?”

அலமாரியை இழுத்துத் திறந்தார். உள்ளே அச்சு அசலாக அதே சிவப்புக் கார் பளபளவென்று நின்றது.

“கார் என்கிட்டதான் சின்ன வயசுலேர்ந்து இருக்கே! கம்பெனி அட்டைப்பெட்டி இல்லாம கண்காட்சியில சேர்க்க மாட்டேங்கறாங்க. அந்தப் பெட்டிக்காகத்தான் ஏலமே எடுத்தேன். பாவி, பார்சலைச் சின்னதாக்கறேன்னு அதைக் குப்பையில போட்டுட்டானாம்!”